முணுமுணுக்கும் பிள்ளையை அதட்டாதீர்கள்: செட்டிநாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுப் பகுதியின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் பணியாற்றித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். எங்கள் தெருவில், படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) திருமணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் பெரிய வீடு ஒன்று இருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் மகன் ஒருகாலத்தில் என் மாணவன் என்பதால், மாலை வேளைகளில் முகப்பையும், தூண்கள் சூழ்ந்த உள்முற்றமான வளவையும் எங்களுக்குத் திறந்துவிடுகிறார். பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டுப்பாடம் எதுவும் அங்கே கிடையாது. ஆளுக்கொரு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு தூணைப் பிடித்துச் சாய்ந்து உட்கார்ந்து படிப்பார்கள். இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தத் தூண்களில் ஒன்றின் கீழ் நான் கண்ட காட்சி.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். புத்தகத்தைக் கொடுத்ததும் உதடுகளை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டாள். இடக்கையின் ஆள்காட்டி விரல் தானாக எழுந்து வாய்மேல் குறுக்கே நின்றது. அப்படியே பக்கத்தைப் பார்த்தாள். சற்று நேரம் கழித்துத் திருப்பினாள். மறுபடியும் அதே அளவு நேரம் பார்த்துவிட்டு அடுத்ததைத் திருப்பினாள். நான்கு வரி இருந்த பக்கத்துக்கும், படம் மட்டும் இருந்த பக்கத்துக்கும் ஒரே நேரம்தான். குரங்கு தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சிரிப்பார்கள். இவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கதையில் என்ன நடந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. சரி, எனக்குக் கேட்கும்படி படித்துக் காட்டு என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “வாயத் தெறந்தா மிஸ் வைவாக” என்றாள்.

அன்று அவளை அருகில் உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் படித்தாள். ஆனால் குரங்கிடம் வந்ததும் சிரித்தாள். படிக்கத் தெரியாத குழந்தை அல்ல அவள். வாயை மூடினால் அவளுக்குப் படிப்பும் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். பல மாதங்களாக அவள் வகுப்பில் ‘மௌன வாசிப்பு’ நேரத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறாள். அந்த நேரம் முழுவதும் ஒரு சொல்கூடப் படிக்கவில்லை. அந்தப் பள்ளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் பணிக்காலத்தின் முதல் பத்து ஆண்டுகளில் நானும் இதையே செய்தவள் என்பதால், பெயர் சொல்லிக் குறை கூறும் தகுதி எனக்குக் கிடையாது.

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ‘வாய்விட்டுப் படித்தல்’, ‘வாய்க்குள் படித்தல்’ என்று படிப்பை இரண்டு தலைப்புகளில் எழுதிப் படித்தோம். முதலாவது சிறு வகுப்புகளுக்கு, இரண்டாவது பெரிய வகுப்புகளுக்கு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிள்ளை எந்த வழியாகப் போகிறது என்பது எங்கள் குறிப்பேட்டில் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட வழி இருக்கிறது. குரல் முதலில் தணிகிறது, பிறகு முணுமுணுப்பாகிறது, பிறகு ஓசையே இல்லாமல் உதடு மட்டும் அசைகிறது, இன்னும் சில மாதங்கள் கழித்து, கடினமான சொல் வரும்போது மட்டும் உதடு அசைந்து அடங்குகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது இரண்டாம் வகுப்பின் பிற்பகுதியில் தொடங்கி நான்காம் வகுப்புவரை, அதாவது ஏழு வயதிலிருந்து ஒன்பது வயதுவரை, நிகழ்கிறது. ஒரே வகுப்பில் ஒருவன் ஆறு மாதத்தில் கடந்துவிடுவான்; இன்னொருத்திக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும். முணுமுணுப்பை ஒழுங்கீனம் என்று எண்ணி அதட்டும்போது, ஆற்றின் நடுவில் நிற்கும் பிள்ளையின் காலடியிலிருந்து கல்லை உருவிவிடுகிறோம்.

கண் வாயை முந்திக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்பதை நான் ஒன்பது வயதில் அறிந்தேன். எதிர்வீட்டு ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது; பிள்ளைகள் பினாங்கில் இருந்தார்கள். கடிதம் வந்தால் என்னைக் கூப்பிட்டு விடுவார்கள். நீலநிற விமானத் தபால் தாளை ஓரம் கிழியாமல் பிரித்துத் தருவார்கள். நான் வளவில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். “இவ்விடம் அனைவரும் நலம்” என்று தொடங்கி, கடை விவரம், அனுப்பிய பணம், யாருக்கு எவ்வளவு என்று வரிசையாகப் போகும். ஒரு நாள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது, என் வாய் “சென்ற வியாழக்கிழமை” என்ற இடத்தில் இருந்தது. கண் மட்டும் அடுத்த வரிக்குப் போய், அங்கே ஒரு பெயரையும் அதை அடுத்து ‘காலமாகிவிட்டார்’ என்ற சொல்லையும் பார்த்துவிட்டது. என் குரல் நின்றுவிட்டது. “ஏன் ஆத்தா நிறுத்திட்டே, படி” என்றார்கள் ஆச்சி. எனக்கு வாய் வரவில்லை. படிக்காத அந்த வரியை என் முகத்திலேயே அவர்கள் படித்துவிட்டார்கள்.

வெகுகாலம் கழித்து, இதைக் கருவி வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்கும்போது, அவருடைய கண் குரலைவிடச் சுமார் இரண்டு சொற்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த இடைவெளி கிடையாது. கண்ணும் விரலும் வாயும் ஒரே எழுத்தின்மேல் நிற்கின்றன. அந்த இடைவெளி திறக்கத் தொடங்குவதுதான், பிள்ளை வாய்க்குள் படிக்க ஆயத்தமாகிவிட்டது என்பதற்கு நான் அறிந்த நம்பகமான அடையாளம். அதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது புத்தகத்தைச் சட்டென்று உங்கள் உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். மூடிய பிறகும் ஒன்றிரண்டு சொற்களை அது சொல்லுமானால், கண் முன்னால் போயிருக்கிறது. மூடியதும் எழுத்தின் நடுவிலேயே நின்றுவிட்டால், அந்தப் பிள்ளைக்கு இன்னும் குரல் வேண்டும்.

தமிழ் எழுத்தைப் படிக்கும் பிள்ளைக்குக் குரல் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 247 எழுத்துகள் என்ற கணக்கு நம்மை அச்சுறுத்தினாலும் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. ‘கொக்கு’ என்ற சொல்லைப் பாருங்கள். பிள்ளையின் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக் கொம்பு; அதற்கு ஒலி கடைசியில்தான். நடுவில் ககரம், அதன் பின் கால். கொம்பையும் காலையும் பிடித்து வைத்துக்கொண்டு, ககரத்தை முதலில் ஒலித்து, இரண்டையும் சேர்த்து ஒகரமாக்க வேண்டும். அடுத்த சிக்கல் ககரமே. ‘கல்’லில் ஒருவிதமாகவும், ‘தங்க’த்தில் வேறுவிதமாகவும், ‘அகலி’ல் இன்னொருவிதமாகவும் ஒலிக்கிறது, எழுத்து மாறவில்லை. எது எங்கே என்று பிள்ளைக்குச் சொல்லித்தருவது இலக்கணம் அன்று, அதன் காதுதான். ஒருமுறை தவறாக ஒலித்துப் பார்க்கிறது, காதுக்குப் பழகிய சொல்லாக அது கேட்கவில்லை, மாற்றி ஒலிக்கிறது, இப்போது ‘அட, அகல் விளக்கு’ என்று முகம் மலர்கிறது. இந்தச் சோதனை முணுமுணுப்பில் நடக்கிறது. வாயை மூடச் சொன்னால், எழுத்தைச் சொல்லாக்கும் ஒரே உரைகல்லையும் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம். நம் முன்னோரின் ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இட மாட்டார்கள், சொல்லுக்குச் சொல் இடம் விட மாட்டார்கள். ஓதிப் பார்த்தால்தான் சொல் பிரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அச்சுப் புத்தகமும் ஏறத்தாழ அப்படித்தான் தெரிகிறது.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம் இன்னொரு செய்தி. புத்தகத்தில் ‘பாட்டி சொன்னார்கள்’ என்று இருக்கும். நம் ஊர்ப் பிள்ளை ‘பாட்டி சொன்னாக’ என்று படிக்கும். உடனே ‘எழுத்தைப் பார்த்துப் படி’ என்று திருத்துகிறோம். ஒன்றாம் வகுப்பில் அந்தத் திருத்தம் சரி. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் படித்தால் நான் மகிழ்வேன். எழுத்தெழுத்தாகக் கூட்டியிருந்தால் ‘சொன்னாக’ வந்திருக்காது. கண் சொல்லை முழுதாக எடுத்து, பொருளை உள்ளே அனுப்பி, அந்தப் பொருளைப் பிள்ளை தன் வீட்டு மொழியில் வெளியே தந்திருக்கிறது. படிப்பு வாயைவிட்டு உள்ளே போகத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?

அதட்டுவதற்கு நேர்மாறான தவறும் நம்மிடம் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடியும்வரை எல்லாப் பாடத்தையும் கூட்டாக, ஒரே குரலில் படிக்கவைக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். நம் பகுதி காதால் வளர்ந்த பகுதி. காரைக்குடியில் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவில், பந்தலில் மணிக்கணக்காக உட்கார்ந்து கவிதையைக் காதால் உண்டவர்கள் நம் பெற்றோர்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும் நம் செட்டிநாட்டு ஊர்தான். அவர் பாடல்களை வாய்க்குள் படித்தால் பாதி இன்பம் போய்விடும். ஓசைமேல் நமக்குள்ள பற்றைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கூட்டுக் குரல் ஒரு நல்ல மறைவிடம் என்பதை முப்பது ஆண்டு வகுப்பறை எனக்குச் சொல்லித்தந்திருக்கிறது. இருபது பேர் சேர்ந்து சொல்லும்போது, நான்கு பேர்தான் படிக்கிறார்கள்; மற்றவர்கள் அரை நொடி பிந்தி அந்த நால்வரின் குரலைத் திருப்பிச் சொல்கிறார்கள். விரல் மூன்றாம் வரியில் இருக்கும், வாய் ஐந்தாம் வரியில் இருக்கும். திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியில் பரிசு வாங்கிய ஒரு பையன், அதே குறளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது படிக்க முடியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். (அவனுக்குப் பரிசு கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.)

கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுவதும் சேர்த்த தமிழ் அச்சு நூல்களைக் கொண்டுதான் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. காதால் வளர்ந்த மரபுக்குப் பக்கத்திலேயே, தனியே உட்கார்ந்து புத்தகத்தோடு பேசிய மரபும் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் கொடுப்பதுதானே முறை?

வாய்க்குள் படிப்பதன் பயன் வேகம் மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். வேகம் உண்மைதான். ஆங்கிலம் படிக்கும் பெரியவர்களைப் பற்றிய ஏராளமான ஆய்வுகளை மார்க் பிரைஸ்பார்ட் என்ற உளவியலாளர் 2019-ல் தொகுத்துப் பார்த்தபோது, கதையல்லாத நூல்களை வாய்க்குள் படிப்போர் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்களும், வாய்விட்டுப் படிப்போர் 183 சொற்களும் படிப்பதாகக் கண்டார். நாக்கும் உதடும் ஒரு சொல்லை உருவாக்கி முடிக்கும்வரை வாய்விட்டுப் படிப்பவரின் கண் காத்திருந்தாக வேண்டும் என்பதே காரணம். இந்த எண்கள் தமிழுக்கு அப்படியே பொருந்தா. ‘பறவைகளெல்லாம் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன’ என்ற மூன்று சொற்களை ஆங்கிலத்தில் சொல்ல அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சொற்கள் வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் என்று 2021-ல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் என்ற அடிப்படைக் கல்வித் திட்டம் இலக்கு வைத்தது. ஆனால் 2022-ல் நாடு முழுவதும் நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வில் 20 மொழிகளுக்கும் தனித்தனி அளவுகோல் வகுக்க வேண்டியிருந்தது. கைக்கடிகாரத்தோடு வகுப்புக்கு வரும் அலுவலர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வேகத்தைவிடப் பெரிய பயன், பிள்ளை தன் விருப்பப்படி நிற்கலாம், திரும்பிப் போகலாம், ஒரு வரியை மூன்று முறை பார்க்கலாம் என்பதே. யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதால் தவறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் அவசரப்பட இடமில்லை. சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்த பின்னர்தான் கதை நன்றாகப் புரிகிறது என்றும், மேல் வகுப்புகளுக்குப் போகப் போகத்தான் அந்த வேறுபாடு மறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. பெரியவர்கள் வாய் அசையாமல் படிக்கும்போதுகூட உதட்டிலும் தொண்டையிலும் உள்ள தசைகளில் மெல்லிய துடிப்பு இருப்பதையும், பாடம் கடினமானால் அது கூடுவதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஐயம் இருந்தால், பத்திரப் பதிவு அலுவலகத்தின் வெளித் திண்ணைக்குப் போய்ப் பாருங்கள். கிரயப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களின் உதடுகள், ‘மேற்படி சொத்துக்கு வடக்கு’ என்ற இடத்துக்கு வந்ததும் அசையத் தொடங்கிவிடும். அவர்களை யாரும் ‘வாயை மூடிப் படியுங்கள்’ என்று அதட்டுவதில்லை. சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, பிள்ளை முதலில் பிறரோடு பேசுகிறது, பிறகு விளையாடும்போதும் கணக்குப் போடும்போதும் தனக்குத்தானே வாய்விட்டுப் பேசுகிறது, அந்தப் பேச்சே உள்ளே போய்ச் சிந்தனைக்குத் துணையாகிறது என்று எழுதினார். படிப்பிலும் முணுமுணுப்பு தேய்ந்து உள்ளே போகிறது. வெளியிலிருந்து அழுத்தி உள்ளே தள்ள முடியாது.

அமெரிக்காவில் 2000-ல் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் இங்கே கவனிக்கத்தக்கது. ஆசிரியர் அருகிலிருந்து திருத்த, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுப் படிப்பது பிள்ளைகளுக்குத் தெளிவான பயன் தருகிறது என்று அது கண்டது. பிள்ளைகளைச் சும்மா மௌனமாகப் படிக்க விட்டுவிடுவது சரளத்தைக் கூட்டுகிறது என்பதற்கு அக்குழுவுக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. ‘தினமும் இருபது நிமிடம் பள்ளி முழுவதும் மௌன வாசிப்பு’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதனால் மட்டும் ஒன்றும் நடந்துவிடாது. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிகளில் நாம் என்ன செய்கிறோம் என்பது நமக்கே தெரியும். இரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது மூன்றாம் வகுப்புச் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். அதனால் ‘எல்லாரும் மனசுக்குள்ள படிங்க’ என்கிறோம். அந்த நெருக்கடியை நான் அனுபவித்திருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு வாசிப்பு என்று பெயர் வைக்க வேண்டாம்.

இனி நான் கேட்டுக்கொள்பவை. ஆசிரியர்களே, ‘வாயை மூடிப் படி’ என்பதற்குப் பதிலாக, ‘உன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி படி’ என்று சொல்லிப் பாருங்கள். இந்த ஒரு தொடர் என் வகுப்பை மாற்றியது. இரைச்சல் பாதியாகக் குறைந்தது, படிப்பு நிற்கவில்லை. மிகவும் தடுமாறும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறேன். குழாய் வேலை செய்பவரிடம் துண்டுக் குழாய் ஒன்றும் இரண்டு எல்போவும் வாங்கிப் பொருத்தினால் பழைய தொலைபேசியின் ரிசீவர்போல் ஆகிவிடும். ஒரு முனை வாயருகே, மறு முனை காதருகே. பிள்ளை அதில் கிசுகிசுத்துப் படித்தால், அதன் குரல் அதன் காதுக்கே தெளிவாகத் திரும்பி வரும்; பக்கத்துத் தூணுக்குக் கேட்காது. எங்கள் வளவில் மூன்று குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் சண்டை நடக்கும். சில மாதங்களில் ஒருநாள் ஒரு பிள்ளை குழாயை எடுக்க மறந்துவிட்டு நேரே புத்தகத்தை எடுக்கும். நான் அதைக் கவனிக்காததுபோல் இருந்துவிடுவேன்.

வாய்க்குள் படித்தது உண்மையிலேயே உள்ளே போயிற்றா என்று அறிய, கேள்வி பதில் எழுதவைக்க வேண்டியதில்லை. துண்டுச் சீட்டுகளில் ஒரு வேலையை எழுதி மடித்துக் கொடுங்கள். ‘உன் பக்கத்தில் இருப்பவரின் செருப்பு என்ன நிறம் என்று பார்த்துவிட்டு வந்து என் காதில் சொல்’, ‘வாசல் வரை ஒற்றைக் காலில் போய்த் திரும்பி வா’. மேலே சொன்ன சிறுமிக்கு ஒரு மாதம் கழித்து இப்படி ஒரு சீட்டுக் கொடுத்தேன். ‘ஆசிரியர் தூங்குகிறாரா என்று மெதுவாக வந்து பார்’ என்று எழுதியிருந்தேன். பிரித்தாள். உதடுகள் அசைந்தன, ‘தூங்கு’ வரை ஒருமுறை, மறுபடி முதலிலிருந்து ஒருமுறை. அதன் பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாயில் விரல் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கால்விரல் நுனியில் நடந்து வரும் கொலுசுச் சத்தம் கேட்டது.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது. வயதை விட்டு நிலையைப் பார்க்கும் அந்தப் பார்வையை இந்த மாற்றத்துக்கும் நீட்டிக்கலாம். மூன்றாம் வகுப்பு என்பதனாலேயே எல்லாரும் மௌனமாகப் படிக்க வேண்டும் என்றோ, ஐந்தாம் வகுப்பு என்பதனாலேயே வாய்விட்டுப் படிப்பதை நிறுத்த வேண்டும் என்றோ வைத்துக்கொள்ள வேண்டாம். பார்வைக்கு வரும்போது அமைதியான வகுப்பைக் கண்டு குறிப்பேட்டில் பாராட்டு எழுதுவதற்கு முன், ஏதேனும் ஒரு பிள்ளையின் அருகில் குந்தி உட்கார்ந்து, அது எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். முணுமுணுப்பு நிறைந்த வகுப்பைக் கண்டால், கட்டுப்பாடு இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவினரே, இந்த வேலையில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு பெரியவருக்குத் தனியாகப் படித்துக் காட்ட வேண்டும். முப்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியரால் அது தனியே இயலாது. பெற்றோர்கள் முறை வைத்துக்கொண்டு வாரம் ஒரு மணி நேரம் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்கலாம். உங்களுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எதிர்வீட்டு ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் ‘இடையில என்னமோ விட்டுட்டியே’ என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பொருள் தொடர்கிறதா என்று கேட்கும் காது இருந்தால் போதும். பொறுமையும் வேண்டும்: பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் உடனே எடுத்துக்கொடுக்காமல், மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு உதவுங்கள். பாதிச் சொற்களைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

வாய்க்குள் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்குப் படிக்க ஏதேனும் கையில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்களும், ஊஞ்சல் என்ற சிறுவர் இதழும் பள்ளிகளுக்கு வருகின்றன. அவை பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா, பிள்ளையின் கைக்கு எட்டும் கயிற்றில் தொங்குகின்றனவா என்று அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள். கசங்கிய புத்தகத்துக்குக் கணக்குக் கேட்காதீர்கள். கசங்காத புத்தகத்துக்குக் கேளுங்கள்.

உங்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்பின் கால அட்டவணையில் நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்று பேசி முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். மௌன வாசிப்பு என்று மட்டும் வைக்க வேண்டாம். கூப்பிட்டால் காரைக்குடி வட்டாரத்தில் எந்த ஊருக்கும் வர ஆயத்தமாக இருக்கிறேன். வரும்போது மூன்று குழாய்களையும் கொண்டுவருகிறேன். ஒன்றைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
காரைக்குடி வட்டாரம்.